பற்றுச்சீட்டு இல்லாத முடி

பாரிஸ் மாநகரத்தில் ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதை நிறுவ அவருடைய மூச்சு போதாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்சாரச் சீட்டு வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்கள் வரிசையின் கடைசியில் போய் நின்று தெரிந்துகொள்ளலாம்.

சாம்பவிக்கு நன்றாகவே தெரியும். பாரிஸின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் அவளுடைய வீட்டில் மூன்று பேர், வதிவிட அனுமதிக் காட் ஒன்று. கணவன் கஜனின் விண்ணப்பம் நான்கு வருடமாகப் பரிசீலனையில் இருந்தது. மகள் ஜெசிகாவுக்கு நாலு வயது. இந்த நாட்டில் பிறந்ததைத் தவிர வேறு திறமை எதையும் அவள் இன்னும் காட்டவில்லை. ஆகவே குடும்பம் முழுவதும் சாம்பவியின் காட்டில் தொங்கியது. காட் அவளுடைய வேலை ஒப்பந்தத்தில் தொங்கியது. ஒப்பந்தம் குலசேகரத்தின் கடையில் தொங்கியது. குலசேகரத்தின் கடை தலைமுடியில் தொங்கியது.

இது உவமானம் இல்லை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் வடக்குத் தலைப்பில், சேலைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் குலசேகரம் இருபது வருடமாக முடி விற்றார். எங்கோ ஒரு கோயிலில் யாரோ ஒருத்தி நேர்த்திக்கு இறக்கிய முடி, கழுவிச் சீவிக் கட்டுக் கட்டாகக் கப்பலேறி வந்து அவருடைய சுவரில் தொங்கும். ஆபிரிக்கப் பெண்கள் வந்து அங்குலம் பார்த்து வாங்கிப் போவார்கள். விற்பனையாளர் சாம்பவி. அவளுடைய காட்டைப் புதுப்பிக்க இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதுவரை சுவரில் முடி தொங்க வேண்டும். அது விற்றுப்போகவும் வேண்டும். அவள் கடவுளிடம் கேட்டது அவ்வளவுதான்.

கெட்ட செய்தி செசிலின் தலையில் வந்தது.

செசில் ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள். ஜெசிகாவின் பாலர் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். மாதம் ஒருமுறை தவறாமல் கடைக்கு வந்து பதினெட்டு அங்குல நேர்முடி வாங்குவாள். அந்தச் சனிக்கிழமை வட்டமாய், குட்டையாய், கருமேகம் மாதிரி ஒரு தலையோடு வந்தாள். பல்லகலமான சீப்பு ஒன்று வாங்கினாள். "வணக்கம் அண்ணை" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

குலசேகரம் குரலைத் தாழ்த்தினார். "என்ன பிள்ளை, அவவுக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லை அண்ணை. நத்துறெல்."

"அது என்ன வருத்தம்?"

"வருத்தம் இல்லை அண்ணை. தலையிலை முளைக்கிறதை முளைக்கிற மாதிரியே விடுறது."

"ஏதும் நேர்த்தியோ?"

"இல்லை. பிடிச்சிருக்காம்."

குலசேகரம் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "சும்மா முளைக்கிறதையோ?"

அடுத்த மாதங்களில் விஷயம் முற்றிவிட்டது. மெத்ரோ விளம்பரங்களில் வட்டத் தலைகள். பேப்பர் கடைச் சஞ்சிகைகளின் அட்டைகளில் வட்டத் தலைகள். தலைமுடி தலையிலிருந்துதான் முளைக்கிறது என்று வானொலியில் நிபுணர்கள் ஒரு மணித்தியாலம் விவாதித்தார்கள். குலசேகரம் கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். "பார் பிள்ளை, உந்தத் தலையும் போச்சு. அங்கை பார், தாயும் மகளும் சோடியாய்ப் போச்சு." யாரோ இறந்துபோன மாதிரி ஒவ்வொரு தலைக்கும் ஒரு பெருமூச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, உம்மடை வேலைக் கொந்த்ராவைப் பற்றி ஒருக்காக் கதைக்க வேணும். இப்ப அவசரமில்லை."

அவசரமில்லை என்று சொல்லப்படும் விஷயம் எவ்வளவு அவசரமானது என்று சாம்பவிக்குத் தெரியும். அன்று ரயிலில் கார்ஜ் வரும்வரை கறுப்புப் பெண்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். இத்தனை அழகான தலைகள் தனக்கெதிராக ஒன்றுதிரளும் என்று அவள் நினைத்ததில்லை.

அடுத்த வாரம் செசில் மறுபடி வந்தாள். கையில் கடிதம்.

கடிதம் வந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ரந்தேவு, அதாவது சந்திப்பு நேரம், எடுக்க வேண்டியவர்கள் பலர் இதை வாசிக்கக்கூடும். செசிலுக்கும் சாம்பவிக்கும் அதே அலுவலகம், அதே வரிசை, அதே கண்ணாடித் தடுப்பு. செசிலின் பத்து வருடக் காட் முடிந்ததால் அவள் புதுப்பிக்கப் போயிருக்கிறாள். பழைய படத்தில் நேர்முடி. புதுப் படத்தில் வட்டமுடி. ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வெள்ளை மனசோடு, "அது கடையில் வாங்கியது, இது என்னுடையது" என்று சொல்லி, அத்தாட்சிக்குப் பழைய கடைப் பற்றுச்சீட்டையும் காட்டியிருக்கிறாள். அங்கேதான் பிழை வந்தது. அந்த அலுவலகத்தில் ஒரு பேப்பரைக் காட்டினால் அதன் அண்ணன் தம்பிகளையும் கொண்டுவரச் சொல்வார்கள்.

சாம்பவி கடிதத்தை வாசித்துக் குலசேகரத்துக்குத் தமிழில் சொன்னாள்:

"விண்ணப்பதாரரின் முந்தைய தலைமுடி நேரானது, தோள்வரை நீண்டது, அதன் மீதான உரிமை பற்றுச்சீட்டின் மூலம் ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளது. தற்போதைய தலைமுடி வட்டமானது, மேல்நோக்கியது. அது எவரிடமிருந்து, எத்தேதியில் பெறப்பட்டது என்பதற்கு ஆவணம் எதுவும் இணைக்கப்படவில்லை. ஆவணமற்ற தலைமுடியோடு ஒருவரை இந்நாட்டில் தொடர்ந்து வசிக்க அனுமதிப்பது குறித்து ஆலோசிக்கப்படுகிறது."

"அதாவது," என்றாள் செசில் பிரெஞ்சில், "இருபது வருசம் முன்பின் தெரியாத ஒருத்தியின் நேர்த்திக்கடனைத் தலையில் சுமந்தேன். அப்போது அது என் முடி. இப்போது என்னுடையதைச் சுமக்கிறேன். இது களவு முடி."

"களவு எண்டு எழுதேல்லை," என்று சாம்பவி சமாதானம் சொன்னாள். "ஆவணமற்ற எண்டுதான் எழுதியிருக்கு."

"எனக்கு உன் உதவி வேணும். முடிக்கடையில் இருந்து ஒரு கடிதம். இந்த முடியை நீங்கள் விற்கவில்லை என்று."

சாம்பவி கணக்குப் போட்டாள். கடிதம் கொடுத்தால் கையெழுத்து வேண்டும். கையெழுத்தோடு அவளுடைய காட்டின் பிரதி வேண்டும். அந்தப் பிரதி அந்த அலுவலகத்துக்குப் போனால், அவளுடைய கோப்பு தூக்கத்திலிருந்து எழும்பும். எழும்பிய கோப்பு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் போன மாரியில் ரயில் நின்றுபோன அன்று, காய்ச்சலோடு கிடந்த ஜெசிகாவைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய், தாய் வந்துசேரும்வரை மடியில் வைத்திருந்தவள் செசில். அதற்கு அவள் எந்தப் பேப்பரும் கேட்கவில்லை.

"தாறன்," என்றாள் சாம்பவி.

"பொறு பிள்ளை," என்று குலசேகரம் குறுக்கே விழுந்தார். "விக்கேல்லை எண்டு கடிதம் குடுக்கிற கடையை நீ எங்கையாவது கண்டனியே? இஞ்சை கேக்கிறது என்ன? பற்றுச்சீட்டு. குடுத்துவிடு."

"எதுக்கு அண்ணை?"

"அவவின்ரை முடியை அவவுக்கே விப்பம்."

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்று அவர் விளக்கினார். கடை முடிக்கடை. பொருள் முடி. வாங்குபவர் தலையில் முடி இருக்கிறது. இந்த மூன்றும் உண்மை. மூன்று உண்மையை ஒரு தாளில் எழுதினால் அது எப்படிப் பொய்யாகும்? லா ஷப்பலில் வீட்டு வாடகைக்கும், குடும்ப உறவுக்கும், ஒருவர் பிறந்த திகதிக்கும் இதே முறையில்தான் நிவாரணம் கிடைத்துவருகிறது.

அவர் செசிலின் முடியைத் தையற்கடை நாடாவால் அளந்தார். சாம்பவி எழுதினாள்: "பொருள்: முடி, கறுப்பு, வட்டம். நீளம்: எட்டு சென்ரிமீற்றர். விலை: ஒரு ஈரோ, வரி உட்பட." விற்பனையாளர் என்ற இடத்தில் குலசேகரம் விரலை வைத்தார். "நீர்தானே விற்பனையாளர்? போடும்." அவள் போட்டாள். கையெழுத்தும் கொஞ்சம் சுருண்டது.

சாம்பவியும் செசிலோடு அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மிசியே பெர்னார் இருந்தார். புதுச்சேரிக்காரர்; தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுப் பிரஜை. முகம் நம் ஊர்க் கலியாண வீட்டில் பார்த்த முகம் மாதிரி இருந்ததால் சாம்பவிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "ஐயா, நீங்கள் தமிழோ?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "எனக்குத் தமிழ் தெரியும்மா. ஆனா வேலை நேரத்துல தெரியாது." பிறகு பிரெஞ்சுக்கு மாறினார். பற்றுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆக, இந்தத் தலைமுடி வாங்கப்பட்டது?"

"ஓம், மிசியே."

"முளைக்கவில்லை?"

சாம்பவி செசிலைப் பார்த்தாள். செசில் கூரையைப் பார்த்தாள்.

"வாங்கினது, மிசியே. பிறகு முளைச்சது."

"பிறகு நடப்பது அவருடைய சொந்த விஷயம்," என்று பெர்னார் பெருந்தன்மையோடு சொல்லி முத்திரை குத்தினார்.

இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் செசிலின் முடிக்குச் சட்டம் தெரியாது. மூன்று மாதம் கழித்துப் புதுக் காட்டை வாங்கப் போனபோது பெர்னார் ஓர் அடிமட்டத்தை எடுத்தார்.

"பற்றுச்சீட்டில் எட்டு. தலையில் பதினொன்றரை. மேலதிக மூன்றரை சென்ரிமீற்றர்?"

"வளர்ந்தது," என்றாள் செசில்.

"முன்னறிவித்தல் இல்லாமலா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் வளர்ச்சிக்கு ஒரு துணைப் பற்றுச்சீட்டு என்று தீர்மானமாயிற்று. ஓர் அலுவலகத்தில் கேட்டால் மற்ற அலுவலகங்கள் சும்மா இருக்குமா? வங்கி கேட்டது. வீட்டு முகவர்கள் கேட்டார்கள். நூலக அட்டைக்கும் கேட்டதாகச் செய்தி வந்தது. கார்ஜிலிருந்தும் திரான்சியிலிருந்தும் இயற்கை முடிப் பெண்கள் அணியணியாக வந்தார்கள். வரிசை கொத்துரொட்டிக் கடையையும் தாண்டியது. குலசேகரம் புதுப் பலகை தொங்கவிட்டார்: "உங்கள் முடி உங்களுக்கே! பற்றுச்சீட்டுடன்."

"கப்பல் இல்லை, சுங்கம் இல்லை, கழுவத் தேவையில்லை, தானாய் வளரும்," என்று அவர் நெகிழ்ந்தார். "இப்பிடி ஒரு சரக்கை இருபது வருசமாய்க் கண்ணுக்கு முன்னாலை நடமாட விட்டிட்டனே, பிள்ளை!"

ஒப்பந்தம் பற்றிய பேச்சு மறுபடி வந்தது. இந்தத் தடவை சிரிப்போடு. சாம்பவி இப்போது இயற்கை முடிப் பிரிவின் பொறுப்பாளர்.

பிறகு விஷயம் நாகரிகமாயிற்று. சாம்பல் நிற எலிவால் கூந்தல் வெள்ளைக்காரிகள் பணக்காரப் பகுதிகளிலிருந்து டாக்சியில் வந்து தங்களுக்கும் ஒரு பற்றுச்சீட்டு கேட்டார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். நம்முடைய ஆட்களும் பின்தங்கவில்லை. கலியாணத்துக்குச் சூட்டுக்கோலால் நேராக்கிய கூந்தலோடு ஒரு மணப்பெண்ணின் தாய் வந்தாள். "தங்கச்சி, ஸ்ரெயிட் பண்ணினது தெரியாமல் நத்துறெல் எண்டு எழுதித் தருவீரோ? மாப்பிள்ளை பகுதி கேக்கினம்." மொட்டைத்தலை மனிதர் ஒருவர் வந்து வெகுநேரம் தயங்கி நின்றார். குலசேகரம் அவரையும் கைவிடவில்லை. இனிமேல் முளைக்கக்கூடிய முடிக்கு முன்பதிவுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

செசில் மாதம் தவறாமல் வந்தாள். ஒருநாள் நாடாவுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "முன்பு வாங்கும் முடிக்காக மாதம் மாதம் வந்தேன். இப்போது வாங்காத முடிக்காக மாதம் மாதம் வருகிறேன். அண்ணைக்கு என் தலையில் அப்படி என்ன ஆசை?"

சாம்பவிக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "எனக்குப் பயம், செசில்," என்றாள். "உன்ரை முடி வளர்ற அளவுக்குத்தான் என்ரை காட்டும் வளருது."

"அப்படியானால் நல்லாய் எண்ணெய் வைக்கிறேன்," என்றாள் செசில்.

சாம்பவியின் ரந்தேவு நெருங்கியது. படம் எடுக்க வேண்டும்.

அவளுக்கும் சுருட்டை முடிதான். கன்னியர் மடத்துப் பள்ளியில் அதை எண்ணெய் வைத்து இழுத்து, இரட்டைப் பின்னலாக மடித்து, வெள்ளை ரிபன் கட்டினால்தான் வாசலுக்குள் விடுவார்கள். அதனால் மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தால் அவளுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றாது. எத்தனை பிரதி என்று கேட்கத்தான் தோன்றும். பழைய காட்டிலிருந்த படத்தில் அவளுடைய தலை இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் முடியோடு நிமிர்ந்து வந்து போனதைப் பார்த்த கண் அவளுடையது. ஜெசிகா வேறு, தன் சுருட்டைத் தலையை நீட்டிக்கொண்டு, "செசில் மாதிரி விடு அம்மா" என்று பிரெஞ்சில் நச்சரித்தாள். ரயில் நிலையத்துப் படப்பெட்டிக்குள் உட்கார்ந்ததும் சாம்பவி பின்னலை அவிழ்த்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. வெளிச்சம் அடித்தது. படத்தில் யாரோ ஒருத்தி பயப்படாமல் இருந்தாள்.

துணிச்சல் வேறு, ஆயத்தம் வேறு. தனக்கும் ஒரு பற்றுச்சீட்டு எழுதி, வளர்ச்சிக்குத் துணைச்சீட்டும் இணைத்துக்கொண்டு, ஜெசிகாவையும் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

பெர்னார் படத்தைப் பார்த்தார். பழைய படத்தைப் பார்த்தார். பற்றுச்சீட்டைப் பார்த்தார்.

"விற்றவர் சாம்பவி. வாங்கியவர் சாம்பவி." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மதாம், ஒருவர் தனக்குத்தானே சான்றளிக்க முடியாது. இந்த முடியை முதலில் யாரிடமிருந்து பெற்றீர்கள்?"

"அம்மாட்டை இருந்து... பிறக்கேக்கை."

"தாயார் எங்கே?"

"யாழ்ப்பாணத்திலை."

"அப்படியானால் இறக்குமதி. விமான நிலையத்தில் சுங்கத்துக்கு அறிவித்தீர்களா?"

சாம்பவிக்கு விமான நிலையம் நினைவுக்கு வந்தது. எட்டு வருடத்துக்கு முன், தலையில் அவ்வளவு முடியையும் வைத்துக்கொண்டு, அறிவிக்க எதுவும் இல்லை என்ற பச்சைப் பாதையால் நடந்து வந்தவள் அவள். கஜன் நினைவுக்கு வந்தான். வீடு நினைவுக்கு வந்தது. பழைய பின்னலை நினைத்துத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருமுறை அவிழ்த்தாள், மூன்று பேரும் விழப்போகிறார்கள்.

பெர்னார் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலை இறக்கினார். "இதப் பாரும்மா, வேற வழி ஏதாவது இருந்தா சொல்லு. எனக்கும் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகணும்."

அவள் குனிந்தாள். அங்கே ஜெசிகா நின்றாள். அதே சுருள், அதே கறுப்பு, அதே அடங்காமை. பிரான்ஸில் பிறந்த முடி.

"பிள்ளையிட்டை இருந்து வாங்கினது, மிசியே," என்றாள் சாம்பவி.

பெர்னார் எழும்பி எட்டிப் பார்த்தார். ஒரு சுருளைத் தாயிலும் ஒரு சுருளை மகளிலும் ஒப்பிட்டார். அவருடைய முகம் மலர்ந்தது. "ஒரே ரகம். உள்ளூர் உற்பத்தி." பிள்ளையிலிருந்து தாய்க்கு ஓர் உரிமை போவது அந்த அலுவலகத்தில் புதிதும் அல்ல, அதற்கென்று தனி அலுமாரியே இருந்தது. "விற்பவர் கையொப்பமிட வேண்டும்."

சாம்பவி புதிய சீட்டு எழுதினாள். ஜெசிகா நாக்கை நீட்டிக்கொண்டு அதில் ஒரு பூனை வரைந்தாள். பெர்னார் அதைச் சரிபார்த்தார். முத்திரை விழுந்தது. மேசையில் காட் வந்தது. சாம்பவி எட்டு மாதமாகப் பிடித்திருந்த மூச்சை விட்டாள், கை காட்டை நோக்கி நீண்டது.

"மிசியே," என்றாள் ஜெசிகா தெளிவான பிரெஞ்சில். "நான் முடியை அம்மாவுக்கு வித்திட்டேன். அப்ப என் தலையில இருக்கிறது யாரோடது?"

பெர்னாரின் இரண்டு விரல்கள் காட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. மெதுவாக அதைத் தன் பக்கம் இழுத்தன.

"நல்ல கேள்வி," என்றார் அவர். சிறுமியை ஆர்வத்தோடு பார்த்தார். "கண்கள்கூட அம்மாவுடையவை மாதிரித்தான் தெரிகின்றன."

அது வரிசை முழுவதற்கும் கேட்டது. செனெகல்காரர் ஒருவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சீனக் கிழவி ஒருத்தி வாயை மூடிப் பல்லை மறைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, முன்னாலிருந்து கடைசிவரை எல்லோரும் தத்தம் பைகளைத் திறந்து பற்றுச்சீட்டுத் தேடத் தொடங்கினார்கள். பக்கத்து மேசை அதிகாரி ஒருவரும் ஓசைப்படாமல் தன் மேசை லாச்சியை இழுத்து உள்ளே தேடினார்.

சாம்பவி பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டினாள்.

"எத்தனை பிரதி, மிசியே?"